சுத்தமான தெருவின் ஏழு படங்கள்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த அலுவலகத்தில் ஒருவர் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். யாரோடும் சண்டை இல்லை, தலைக்கனமும் இல்லை. திரும்பி உட்கார்ந்தால் மற்ற மேசைகளில் இருக்கும் திரைகள் கண்ணில் பட்டுவிடும், அதற்காகத்தான் சுவர். திரையில் அப்படி என்ன இருக்கிறது என்றால் சொல்கிறேன். சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிக்கிறவர்கள் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிடுவது நல்லது.

திரையில் இருப்பது சாக்கடை. பொங்கி வழிகிற சாக்கடை, கிழிந்துபோன குப்பைப் பை, அதிலிருந்து வழிந்து காய்ந்துபோன ஏதோ ஒன்று, மூன்று நாளாக யாரும் எடுக்காத செத்த எலி, குழாயைத் திறந்தால் டீ நிறத்தில் வரும் தண்ணீர். ஊரின் சுகாதாரப் புகார்களை வாங்குகிற வெப்சைட்டை நடத்தும் கம்பெனி அது. ஜனங்கள் போனில் படம் பிடித்து அனுப்புவார்கள். எழுதச் சொன்னால் ஒரு வரிக்கு மேல் எழுத மாட்டார்கள். படம் எடுக்கச் சொன்னால் மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, ரொம்பக் கிட்டே போய், ஈ உட்கார்ந்திருப்பதுகூடத் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்புவார்கள். ஒரு நாளைக்கு முந்நூறு, நானூறு படங்கள். அத்தனையும் வந்து சேருவது சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிற இந்த மனிதரின் சர்வருக்கு.

அலுவலகத்தில் அவரைப் படக்காரர் என்பார்கள். வெப்சைட்டின் பக்கங்களில் படங்கள் முன்கூட்டியே ஒட்டப்பட்டிருக்காது. பார்க்கிறவர் விரலால் பக்கத்தை மேலே தள்ளத் தள்ள, அவருடைய போன் சர்வரைக் கேட்கும்: இன்ன எண் புகாரின் படம் வேண்டும், இவ்வளவு அகலத்துக்கு வேண்டும். படக்காரர் எழுதி வைத்த நிரல் உள்ளே போய் அந்தப் படத்தைத் தேடி எடுத்து, கேட்ட அளவுக்குச் சுருக்கி, கொண்டுவந்து கொடுக்கும். கல்யாணமான புதிதில் மாமனார் "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்று கேட்டபோது "சர்வர்ல வேலை" என்று இவர் சொல்லித் தொலைத்துவிட்டார். "எந்த ஓட்டல்ல?" என்று பெரியவர் கவலையோடு கேட்டார். யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் தப்பில்லை. யார் எந்த மேசையில் என்ன கேட்டாலும் சுடச்சுடக் கொண்டுபோய் வைக்கிற வேலைதானே இது. வைக்கிற பதார்த்தம்தான் சகிக்காது.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அவர் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் இருந்தார். முகத்தில் இருக்கும் பருவை எடுப்பது, பல்லை வெள்ளையாக்குவது, மாறுகண்ணை நேராக்குவது. அங்கேதான் கம்ப்யூட்டர் பழகினார். பரு என்றாலே அவருக்கு உடம்பு கூசும், அதனாலேயே ஒரு பரு விடாமல் எடுப்பார். வீட்டிலும் அப்படித்தான். குளியலறைத் தண்ணீர் போகாமல் தேங்கினால் மனைவிதான் கையை விட்டு அடைப்பை எடுப்பாள். இவர் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு "போயிடுச்சா?" என்பார். "உள்ள வந்து பாருங்களேன்" என்பாள் அவள். நாற்பத்தாறு வயதில் இன்றுவரை உள்ளே வந்து பார்த்ததில்லை.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு இப்படி ஒரு வேலை. அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். தன்னுடைய கம்ப்யூட்டரில் படங்கள் தெரியாதபடி அணைத்து வைத்துவிட்டார். சர்வர் படத்தை அனுப்பியதா, இல்லையா என்பது மட்டும் தெரிந்தால் போதும். அனுப்பியிருந்தால் பச்சைப் புள்ளி, இல்லாவிட்டால் சிவப்புப் புள்ளி. ஒன்பது வருஷமாக ஊரின் அழுக்கையெல்லாம் அவர் பச்சைப் புள்ளிகளாகவே பார்த்து வந்தார். சிவப்பு வந்தால் பதறுவார், பச்சை வந்தால் டீ குடிக்கப் போவார்.

இந்தக் கதைக்குக் காரணமான காரியம் வெப்சைட் தொடங்கிய வாரத்தில் நடந்தது. ஒவ்வொரு புகாருக்கும் இரண்டு கட்டங்கள். இடது பக்கம் 'முன்', அதாவது புகார் கொடுத்தவர் எடுத்த படம். வலது பக்கம் 'பின்', அதாவது சுத்தம் செய்யும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வேலையை முடித்துவிட்டு எடுத்து அனுப்ப வேண்டிய படம். முதல் தடவை அதிகாரிகளுக்குக் காட்டும் நாளில் பின் படம் ஒன்றுகூட இல்லை, ஏனென்றால் வேலையே நடக்கவில்லை. வலது பக்கம் முழுக்கக் காலிக் கட்டங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் கிழிந்த காகிதம் மாதிரி ஒரு சின்னக் குறி. கம்பெனி மேலாளர் எட்டிப் பார்த்தாள். எப்போதும் கையில் கிருமிநாசினி தேய்த்துக்கொண்டே பேசுகிற பெண் அவள்.

"சார், இது பார்க்கவே அசிங்கமா இருக்கே" என்றாள்.

இடது பக்கம் செத்த எலி. அது அவளுக்கு அசிங்கமாகத் தெரியவில்லை. வலது பக்கத்தில் இருந்த காலிக் கட்டம்தான் அசிங்கமாகத் தெரிந்தது. படக்காரருக்கும் அன்றைக்கு அது சரியாகவே பட்டது, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவருடைய போனில் ஒரு படம் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை விட்டதும் தன் வீட்டு வாசலில் நின்று எடுத்தது. கழுவி விட்ட தெரு, ஒரு குப்பை இல்லை. பின் படம் கிடைக்காவிட்டால் இதைக் கொடு என்று நிரலில் ஒரு வரி சேர்த்தார். கோப்புக்குத் 'தற்காலிகம்' என்று பெயர் வைத்தார். நாளைக்கு எடுத்துவிடலாம் என்று நினைத்தார்.

மறுநாள் மேலாளர் மறுபடி வந்தாள். "நல்லாத்தான் இருக்கு சார், ஆனா எல்லாத்துலயும் ஒரே தெருவா தெரியுதே." அதற்கும் அவர் வழி செய்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே வாசலில் நின்று வேறு வேறு பக்கமாகத் திரும்பி நான்கு படம் எடுத்தார். பழைய படத்தை எடுத்துவிட்டு, இந்த நான்கில் மூன்றை இடவலமாகப் புரட்டி, கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, மொத்தம் ஏழு ஆக்கினார். புகார் எண்ணை ஏழால் வகுத்து மீதி எவ்வளவோ அந்தப் படம். ஸ்டுடியோவில் பரு எடுத்த கை அல்லவா, வேலை நேர்த்தியாக இருந்தது. பின் படம் அனுப்புவதைக் கட்டாயமாக்கவும் இல்லை, ஆட்கள் 'முடிந்தது' என்று அழுத்தினால் போதும்; தெருவில் சிக்னல் கிடைக்காமல் ஆட்கள் திண்டாடுவார்களே என்ற இரக்கம். இத்தனையும் செய்துவிட்டு, படங்களை அணைத்துவிட்டு, பச்சைப் புள்ளி பார்க்கப் போய்விட்டார். எடுத்துவிடலாம் என்று நினைத்த அந்த 'நாளைக்கு' வரவே இல்லை.

இனி அவருடைய தங்கை. ஒன்பது வயது இளையவள். அப்பா அம்மா இருவரும் சீக்கிரம் போய்விட்டதால் அவளுடைய பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டது முதல் கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்தது வரை எல்லாம் அண்ணன்தான். இப்போது ஊரின் மறுகோடியில் தரைத்தளத்து வீடொன்றில் தையல் மெஷின் போட்டு, துணி திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தாள். புருஷன் லாரி ஓட்டுகிறவன், மாதக்கணக்கில் வெளியூர். ஏழு வயதில் ஒரே மகள். மாமா என்றால் உயிர்.

அந்தக் குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்தது. டைபாய்டு. தங்கை தெருவில் சாக்கடை உடைந்து, குடிதண்ணீர்க் குழாயில் கலந்துகொண்டிருந்தது. கொதிக்க வைத்துத்தான் கொடுத்தாள். ஆனால் குழந்தை பல் தேய்க்கும்போது குழாயைத் திறந்து வாய் கொப்பளிப்பதை எத்தனை தடவை பிடித்து இழுப்பது. ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை, ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பறாங்களாம் அண்ணா. ஆனா டாக்டர் அதே தண்ணிக்கு அனுப்பாதீங்கன்னு சொல்லிட்டார். குடல் புண்ணா இருக்காம். இன்னொரு தடவை வந்தா புள்ள தாங்காதாம்."

"எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வா."

"எத்தனை நாளைக்கு? மெஷின் இங்க இருக்கு, வாங்கி வெச்ச துணியெல்லாம் இங்க இருக்கு. குழாயைச் சரி பண்ணாம நான் எங்க போனாலும் திரும்பி இங்கதானே வரணும்." அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாள். "உங்க சைட்லதான் மூணு தடவை புகார் குடுத்தேன். உன்னை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு சொல்லல. மூணு தடவையும் ரெண்டே நாள்ல முடிந்ததுன்னு வருது. ஒருத்தனும் எட்டிக்கூடப் பார்க்கல. யாரோட தெருவையோ படம் எடுத்துப் போட்டிருக்கானுங்க, வெட்கங்கெட்டவனுங்க."

புகார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தன் கம்ப்யூட்டரில் படங்களைத் தெரிய விட்டார்.

இடது பக்கப் படம் மேலிருந்து கீழாக வந்தது. முதலில் தங்கை வீட்டு ஜன்னல் கம்பி. அப்புறம் சுவரில் ஈரக்கறை. அப்புறம் படி. படிக்குக் கீழே கறுப்பாக, மேலே ஏதோ நுரைத்து மிதக்க, நடுவில் ஒரு குழாய். குழந்தையின் ஒற்றைச் செருப்பு அதில் கவிழ்ந்து கிடந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வலது பக்கம் பார்த்தார். கழுவி விட்ட தெரு. இடவலமாகப் புரட்டியிருந்தது, அதனால்தான் தங்கைக்கு அடையாளம் தெரியவில்லை. அவருக்குத் தெரியாமல் போகுமா? அது அவருடைய சொந்த வீட்டு வாசல்.

எழுந்து போய்க் கழிவறையில் வாந்தி எடுத்தார். சாக்கடையைப் பார்த்து வந்த வாந்தி இல்லை அது.

திரும்பி வந்து எண்ணிப் பார்த்தார். கடந்த ஒரு வருஷத்தில் மட்டும் முடிந்தது என்று மூடப்பட்ட புகார்கள் அறுபத்தோராயிரத்துச் சொச்சம். அவற்றில் உண்மையான பின் படம் உள்ளவை ஒன்பதாயிரத்துக்குக் கீழே. மீதி எல்லாவற்றிலும் அவருடைய ஏழு படங்கள், மாறி மாறி. ஒருவேளை ஆட்கள் வேலையைச் செய்துவிட்டுப் படம் மட்டும் அனுப்பாமல் இருந்திருக்கலாம் அல்லவா என்று மனசு சப்பைக்கட்டு கட்டியது. ஒப்பந்தக்காரரின் மேஸ்திரிக்குப் போன் போட்டார்.

"பின் படம் ஏன் அனுப்பறதில்ல நீங்க?"

மேஸ்திரி சிரித்தான். "உங்க சைட்டே படம் போட்டுக்குதே சார், நாங்க எதுக்கு எடுக்கணும்? முதல்ல ஒரு நாள் சிக்னல் இல்லாம படம் போகல. பார்த்தா சுத்தமான தெரு தானா வந்து நிக்குது. இது நல்லா இருக்கேன்னு விட்டுட்டோம்."

"வேலையாவது செஞ்சீங்களா?"

"படமே வந்தாச்சு, அப்புறம் என்ன வேலை?" என்றான் மேஸ்திரி, ரொம்ப யதார்த்தமாக.

சீ என்று போனை வைத்தார் படக்காரர். யாரைச் சீ என்றார் என்பது அவருக்கே தெளிவாக இல்லை.

மறுநாள் மேலாளரின் அறைக்குப் போனார். தங்கை மகளைப் பற்றி, புகாரைப் பற்றி, அறுபத்தோராயிரத்தைப் பற்றி, தற்காலிகம் என்று பெயர் வைத்ததைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னார். அவள் கிருமிநாசினியைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"பாப்பா இப்ப எப்படி இருக்கா சார்?"

"பரவாயில்ல மேடம். அந்தப் படங்களை இன்னைக்கே எடுத்துடறேன்."

"அவசரப்படாதீங்க. நாளைக்கு அதிகாரியோட கூட்டம் இருக்கு. சுத்தமான ஊருன்னு பட்டயம் வாங்கப் போறாங்க, இந்தப் பக்கத்தைக் காட்டித்தான் வாங்கப் போறாங்க. இவ்வளவு நாள் ஓடினது இன்னும் ரெண்டு நாள் ஓடட்டுமே. தங்கச்சி புகாரை நான் தனியா சொல்லிப் பார்க்கறேன்."

அவள் சொல்லிப் பார்ப்பாள் என்று அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இடத்துக்கு வந்து நிரலைத் திறந்தார். ஒரு வரியை மாற்றினார். பின் படம் இல்லையென்றால் சுத்தமான தெருவைக் கொடுக்காதே, முன் படத்தையே மறுபடி கொடு. அவ்வளவுதான். சாதுவான மனிதர் அவர், வாழ்க்கையில் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கு அந்த வரியைச் சேமித்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போனார்.

புதன்கிழமை காலை கூட்டம். சுவர் முழுக்க ஒரு திரை, நீள மேசை, மேசை மேல் பிஸ்கட் தட்டுகள், நடுவில் சுகாதார அதிகாரி. சர்வர் மக்கர் பண்ணினால் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று படக்காரரை மூலையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். மேலாளர் பக்கத்தைத் திறந்து, 'முடிந்தவை' என்பதை அழுத்தி, மெதுவாக மேலே தள்ளினாள்.

இடது பக்கம் வழிகிற சாக்கடை வந்தது. ஒரு நொடி கழித்து வலது பக்கமும் அதே சாக்கடை. அடுத்த புகார். இடது பக்கம் செத்த எலி, வலது பக்கம் செத்த எலி. அவள் வேகமாகத் தள்ளினாள். தள்ளத் தள்ளச் சர்வர் சளைக்காமல் கொண்டுவந்து வைத்தது. ஆளுயரத்துக்குக் குப்பை, ஆளுயரத்துக்கு மலம், எல்லாவற்றுக்கும் கீழே பச்சை எழுத்தில் 'முடிந்தது'. பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்த ஒருவர் மெல்லுவதை நிறுத்தினார். படக்காரர் முதல் தடவையாகக் கண்ணை மூடாமல் பார்த்தார். இப்போது கேட்பார்கள், இது ஏன் இன்னும் இப்படியே இருக்கிறது என்று யாராவது ஒருவர் கேட்பார் என்று காத்திருந்தார்.

அதிகாரி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். திரையில் இருக்கும் சாக்கடை நாறுமா? அவருக்கு நாறியிருக்கிறது. "என்னங்க இது, சாப்பிடுற நேரத்துல. போன மாசம் பார்த்தப்ப எல்லாம் அழகா இருந்துச்சே" என்றார்.

"சின்ன டெக்னிக்கல் பிரச்சினை சார், உடனே சரி பண்ணிடுவோம்" என்றாள் மேலாளர்.

"பண்ணுங்க. முதல்ல இதை மூடுங்க."

மூடினார்கள். பிஸ்கட் தட்டை மாற்றி வேறு தட்டு கொண்டுவந்தார்கள். ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த மனிதர்களின் வயிறு சரியாகிவிட்டது, அது போதும் அவர்களுக்கு. படக்காரருக்கு அந்த மேசையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அருவருப்பு என்றால் என்ன என்று தனக்கு இத்தனை நாள் தெரியவே இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

மேலாளர் அவரை வெளியே அழைத்து வந்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"தங்கச்சி புகார் எண் சொல்லுங்க சார்."

சொன்னார். அவள் அங்கேயே நின்று யாருக்கோ போன் போட்டு மூன்று நிமிஷம் பேசினாள்.

"ரெண்டு மணி நேரத்துல ஆள் வரும். குழாயே புதுசா மாத்திடுவாங்க. பாப்பா வெள்ளிக்கிழமை தைரியமா வீட்டுக்குப் போகலாம். நீங்க பழையபடியே வெச்சிடுங்க."

"மேடம், மத்தவங்க?"

"மத்தவங்களும் உங்க தங்கச்சியா?" என்று கேட்டாள், குரலை உயர்த்தாமல். "எடுத்துத்தான் ஆகணும்னா எடுங்க. இந்த ஏழு படத்தை யார் வெச்சாங்கன்னு கேள்வி வரும். நீங்க வெச்சதுன்னு நீங்களே நேத்து எங்கிட்ட சொன்னீங்க. நான் சொல்ல வேண்டியிருக்கும்." கிருமிநாசினிப் புட்டியை அழுத்தி, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக்கொண்டு உள்ளே போனாள்.

படக்காரர் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். குழந்தை முகம் கண்ணுக்கு முன்னால் நின்றது. மாற்றிய வரியைப் பழையபடி மாற்றினார். ஒரு நிமிஷ வேலை. எல்லாப் புள்ளிகளும் பச்சையாகவே இருந்தன.

பிற்பகலில் தங்கை போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "பதினோரு பேர் வந்திருக்காங்க அண்ணா. மெஷினெல்லாம் கொண்டு வந்து தோண்டறாங்க. புதுக் குழாய். தெருவே வேடிக்கை பார்க்குது. எங்க அண்ணன் சொல்லித்தான் நடக்குதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"எதுக்கு அதையெல்லாம் சொல்ற?"

"ஏன் சொல்லக்கூடாது? எனக்கு யார் இருக்கா உன்னை விட்டா?"

வெள்ளிக்கிழமை குழந்தை வீட்டுக்கு வந்தது. சனிக்கிழமை இவர் பார்க்கப் போனார். எலும்பும் தோலுமாக இருந்தது. மாமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. பிறகு அவரை இழுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்து காட்டியது. "பாரு மாமா, நாத்தமே இல்ல." தெளிந்த தண்ணீர். அவர் குனிந்து அதை ஒரு கை பிடித்துப் பார்த்தார். தெருவில் நடந்து போனவர்கள் அவருக்கு வணக்கம் வைத்தார்கள். ஒரு பெரியவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீட்டுக்குத் திரும்பியதும் அந்தக் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினார், பெரியவர் மேல் தப்பு ஒன்றுமில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தங்கை மறுபடி கூப்பிட்டாள். இவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து டப்பாவைத் திறந்திருந்தார்.

"அண்ணா, சாப்பிட்டியா? ஒரு சின்ன விஷயம். எங்க பின் தெருவுல ஒரு பொண்ணு இருக்கா. நான் ஆஸ்பத்திரில கிடந்தப்ப ஒரு நாள் விடாம சாப்பாடு குடுத்து அனுப்பினாளே, அவதான். நம்ம தெரு அடைப்பை எடுத்தவங்க அதை வேற எங்கயும் கொண்டு போகல, தோண்டி அந்தப் பக்கம் தள்ளி விட்டுட்டாங்க. இப்ப அவ வீட்டுக் குழாய்ல சாக்கடை வருது. கைக்குழந்தைக்காரி."

படக்காரர் கையில் எடுத்த கவளத்தை டப்பாவிலேயே வைத்தார்.

"புகார் குடுத்தா. நேத்தே முடிந்ததுன்னு வந்துடுச்சு, சுத்தமான தெருவோட. அண்ணன்கிட்ட சொல்றேன், கவலைப்படாதன்னு சொல்லிட்டேன். நீ ஒரு வார்த்தை சொல்லிடு."

"சொல்றேன்."

"அது சரி அண்ணா, வேலையே நடக்கல, சுத்தமான தெரு படம் மட்டும் எங்கிருந்து வருது?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். டெக்னிக்கல் பிரச்சினை என்று சொல்லியிருக்கலாம். எப்படியாவது பூசி மெழுகியிருக்கலாம். ஆனால் அவர் கையெழுத்துப் போட்டு வளர்த்த தங்கை, அவளிடம் அவருக்குப் பொய் வராது.

"நான் வெச்ச படம்" என்றார்.

"என்னது?"

"பின் படம் வரலன்னா அதைக் காட்டச் சொல்லி நான்தான் வெச்சேன். எங்க வீட்டு வாசல். ஒன்பது வருஷமா அதைத்தான் காட்டுது."

அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, நின்றது.

"எங்க தெருவுக்கு மூணு தடவை வந்ததே, அது?"

"அதுவும்."

"புள்ள படுக்கறதுக்கு முன்னாடி வந்ததும்?"

"அதுவும்தான்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டட்டும் என்று காதை நன்றாக அழுத்தி வைத்துக்கொண்டார். குழந்தை எங்கோ உள்ளே பாடிக்கொண்டிருந்தது.

"எடுத்துடு அண்ணா" என்றாள் கடைசியில்.

"எடுத்தா வேலை போயிடும்மா. நான் செஞ்சதுன்னு வெளிய தெரிஞ்சிடும். ஒரு தடவை எடுத்தேன். உன் குழாய்க்காகத்தான் திரும்ப வெச்சேன்."

"என் பேர்ல போடாத" என்றாள். சத்தம் போடவில்லை. "புள்ளைக்கு மருந்து நேரம் ஆச்சு. எடுத்துட்டுக் கூப்பிடு. அதுவரைக்கும் கூப்பிடாத."

போனை வைத்துவிட்டாள்.

இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. அவர் இன்னும் தங்கையைக் கூப்பிடவில்லை.